மரத்துக்குள் மரம் நுழையாது

கல்லூரி விடுமுறையில் என் அக்காள் மகன் எங்கள் வீட்டில் நான்கு நாள் தங்கியிருந்தான். பலதுறைத் தொழிற்கல்லூரியில் கட்டட வடிவமைப்புப் படிக்கும் இரண்டாம் ஆண்டு மாணவன். இரவு பதினொரு மணியாகியும் மடிக்கணினியை மூடாமல் உட்கார்ந்திருந்தவனிடம், என்ன வேலை என்று கேட்டேன். இங்கிலாந்தில் இடைக்காலத்தில் கட்டப்பட்ட மரச்சட்டக் கட்டடங்களின் தச்சுவேலையைக் கணினியில் முப்பரிமாண மாதிரியாக உருவாக்கி விளக்க வேண்டுமாம். அதுதான் அவனுக்குக் கொடுக்கப்பட்ட ஒப்படைப்பு.

“மாமா, இங்க பாருங்க. முடிச்சிட்டேன்” என்று திரையைத் திருப்பிக் காட்டினான். தூண்கள், உத்திரங்கள், கைமரங்கள் எல்லாம் பழுப்பு நிறத்தில் பளபளத்தன. சுட்டியை அசைத்தால் கட்டடம் மெல்லச் சுழன்றது. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

“இந்த மரங்களை எந்த வரிசையில தம்பி ஏத்தியிருப்பாங்க?” என்று கேட்டேன்.

அவனிடம் பதில் இல்லை. தூணின் தலைப்பகுதியைப் பெரிதாக்கிப் பார்த்தோம். அங்கே உத்திரம் தூணுக்குள் புகுந்து மறுபக்கம் வெளியே வந்திருந்தது. ஒரே இடத்தில் இரண்டு மரங்கள் இருந்தன. கணினி அதைத் தடுக்கவில்லை, எச்சரிக்கவும் இல்லை.

எனக்கு என் தந்தையின் நினைவு வந்தது. அவர் செம்பவாங் கடற்படைத் தளத்தில் தச்சராக வேலை பார்த்தவர். சிறுவனாக இருந்தபோது ஒருமுறை இரண்டு பலகைத் துண்டுகளைச் சுத்தியலால் அடித்துச் சேர்க்க முயன்றேன். “மரத்துக்குள்ள மரம் நுழையாதுடா. வழி விட்டாத்தான் நுழையும்” என்று சிரித்தார். அந்த ஒரு வரியைத்தான் அன்றிரவு என் மருமகனுக்குச் சொன்னேன். அடுத்த மூன்று நாளும் அவன் அந்த ஒரே மூலையைத் திரும்பத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தான். பக்கத்தில் இருந்து பார்த்தபோது நான் கற்றுக்கொண்டவற்றை இளையர்களாகிய உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

நான்கு மரங்கள் சந்திக்கும் இடம்

மரச்சட்டக் கட்டடம் என்பது சுவர்கள் சுமையைத் தாங்கும் கட்டடம் அல்ல. மரத்தாலான எலும்புக்கூடுதான் கூரையைச் சுமக்கிறது. சுவர் வெறும் தோல். ஐரோப்பாவில் வீடுகளும் தானியக் களஞ்சியங்களும் பெரும் மண்டபங்களும் இந்த முறையில் கட்டப்பட்டன. இங்கிலாந்தின் எசெக்ஸ் வட்டாரத்தில் உள்ள கிரெசிங் டெம்பிள் என்ற இடத்தில் இரண்டு களஞ்சியங்கள் இன்றும் நிற்கின்றன. இரண்டுமே 13ஆம் நூற்றாண்டில் வெட்டப்பட்ட ஓக் மரங்களால் ஆனவை. அவை ஏறத்தாழ 800 ஆண்டுகள் மழையையும் காற்றையும் தாங்கியிருக்கின்றன என்றால், அந்தத் தச்சர்களின் அறிவு சாதாரணமானதாக இருக்க முடியாது.

அந்த அறிவு எங்கே இருக்கிறது? பெரும்பாலும் மூட்டுகளில் இருக்கிறது. ஆனால் மூட்டு வெளியே தெரியாது. ஒரு மரத்தில் சதுரக் குழி. இன்னொன்றின் நுனியில் அதற்கேற்ற நாக்கு. நாக்கு குழிக்குள் போனபின் எல்லாமே மறைந்துவிடும்.

என் மருமகன் எடுத்துக்கொண்டது, இங்கிலாந்துத் தச்சர்கள் பல நூற்றாண்டுகள் பயன்படுத்திய ஒரு மூலை மூட்டு. அங்கே நான்கு மரங்கள் சந்திக்கின்றன: நிற்கும் தூண், சுவரின் நெடுகே ஓடும் நெடுமரம், கட்டடத்தின் குறுக்கே போகும் உத்திரம், கூரையின் கைமரம். தூணின் தலை மட்டும் அகலமாக இருக்கும். இதற்காகத் தச்சர்கள் பெரும்பாலும் மரத்தைத் தலைகீழாக நிறுத்தினார்கள். மரத்தின் அடிப்பாகம்தான் பருமனானது. அதை மேலே கொண்டுவந்தால் மூட்டு வெட்ட இடம் கிடைக்கும் அல்லவா?

அகலமான அந்தத் தலையில் இரண்டு நாக்குகள் உண்டு. வெளிப்பக்கம் உள்ளது நெடுமரத்தின் அடியில் நுழையும். உட்பக்கம் இன்னும் உயரமாக எழும்பும் பகுதியில் உள்ள நாக்கு உத்திரத்தின் அடியில் நுழையும். உத்திரம் நெடுமரத்தின் மேல் படுக்கும்போது, புறாவின் வால் போல விரிந்த வெட்டு ஒன்று நெடுமரத்தைக் கவ்விப் பிடிக்கும். கூரையின் பாரம் சுவர்களை வெளியே தள்ளும்போது அவை விலகாமல் காப்பது இந்த வால்தான். ஓக் மரத்தைப் பச்சையாக இருக்கும்போதே வெட்டிப் பொருத்துவார்கள். ஆண்டுகள் போகப்போக மரம் காய்ந்து சுருங்கும், வாலின் பிடி தளரும். அப்போது தூணின் உள்நாக்கும் மர ஆணிகளும் அந்த இழுவிசையைத் தாங்கிக்கொள்ளும். ஒன்று விட்டால் இன்னொன்று பிடிக்கும் ஏற்பாடு இது.

என் மருமகன் முதலில் தூணின் மேல் உத்திரத்தை வைத்தான். பிறகு நெடுமரத்தைக் கொண்டுவந்தான். அது எந்தப் பக்கமும் நுழையவில்லை. மேலே உத்திரம் தடுத்தது. பக்கவாட்டில் தள்ளினால் கீழே உள்ள நாக்கு தடுத்தது. அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. முதலில் தூண், அடுத்து நெடுமரம், அதன் மேல் உத்திரம், கடைசியில் கைமரம். வேறு வழியே இல்லை.

அதோடும் முடியவில்லை. தூணுக்கும் உத்திரத்துக்கும் இடையே சாய்வாக நிற்கும் தாங்குமரம் ஒன்று உண்டு. அதற்கு இரு முனையிலும் நாக்கு. உத்திரம் உட்கார்ந்த பிறகு அதைச் சொருக முடியாது. உத்திரம் இறங்கும் அதே நேரத்தில் அதுவும் குழிக்குள் போக வேண்டும். “அப்படின்னா இத யாராவது கையில பிடிச்சுக்கிட்டே நிக்கணும் மாமா” என்றான். ஆமாம். இரண்டு பக்கமும் ஆள் வேண்டும். உத்திரத்தை இறக்க ஆள் வேண்டும். எல்லாரையும் ஒரே நேரத்தில் இயக்கக் குரல் கொடுக்க ஒருவர் வேண்டும்.

அதுவரை மரங்களை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தவன் அப்போதுதான் மனிதர்களைப் பார்த்தான். கணினி மாதிரியின் உண்மையான பயன் அதுதான் என்று நான் நினைக்கிறேன்.

பிழை என்று நினைத்தது பிழையல்ல

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒரு பழைய மூட்டின் அளவீட்டு வரைபடத்தைப் பார்த்து மாதிரி செய்யும்போது, குழியின் பக்கச் சுவரில் உள்ள ஆணித் துளையும் நாக்கில் உள்ள துளையும் நேர்கோட்டில் இல்லை என்பதைக் கவனித்தான். சில மில்லிமீட்டர் விலகியிருந்தன. அந்தக் காலத்துத் தச்சர் தவறு செய்துவிட்டார் என்று எண்ணி, கணினியில் இரண்டையும் நேராக்கிவிட்டான்.

உண்மையில் அந்த விலகல் வேண்டுமென்றே செய்யப்பட்டது. விலகிய துளைகளின் வழியே மர ஆணியை அடித்து இறக்கும்போது, ஆணி வளைந்து நாக்கைக் குழிக்குள் இழுக்கும். மூட்டு இறுகிவிடும். பசை வேண்டாம், இரும்பு வேண்டாம். திருத்தம் என்று நினைத்துச் செய்த ஒரு சொடுக்கில் அந்த நுட்பம் அழிந்துபோனது.

மரங்களின் மேல் கீறப்பட்ட குறிகளும் அப்படித்தான். தரையில் சட்டத்தைக் கிடத்தி, ஒவ்வொரு மூட்டையும் அதன் இணைக்கென்றே வெட்டி, பொருத்திப் பார்த்துவிட்டு, மீண்டும் கழற்றி, கட்டும் இடத்துக்கு ஏற்றிச் செல்வது அக்கால வழக்கம். எந்த மரமும் நூல் பிடித்தாற்போல் நேராக இருக்காது. ஆகவே ஒரு குழிக்குரிய நாக்கு வேறு குழியில் சேராது. எது எதனோடு சேரும் என்பதற்காக ரோமானிய எண்களைப் போன்ற நேர்கோட்டுக் குறிகளை உளியால் கீறிவைத்தார்கள். ஆய்வாளர்கள் இன்று அந்தக் குறிகளைக் கணினி மாதிரியில் ஏற்றி, எந்த மரம் இடம் மாறியிருக்கிறது, எது பின்னாளில் சேர்க்கப்பட்டது என்று கண்டுபிடிக்கிறார்கள்.

வெற்றுக் குழியும் ஒரு சாட்சிதான். தூணில் ஒரு குழி, உத்திரத்தில் ஒரு குழி, இடையில் எதுவும் இல்லை என்றால், அங்கே முன்பு ஒரு தாங்குமரம் இருந்திருக்க வேண்டும். இரண்டு குழிகளின் சாய்வையும் கணினியில் நீட்டிப் பார்த்தால், காணாமல் போன மரத்தின் நீளமும் கோணமும் கிடைத்துவிடும்.

இந்தத் துறைக்கு வழி வகுத்தவர்களுள் ஒருவர் இங்கிலாந்தின் செசில் ஹியூவெட். கணினி இல்லாத காலத்தில், எசெக்ஸ் கட்டடங்களின் மூட்டுகளைப் பிரித்துக் காட்டும் படங்களாகக் கையால் வரைந்தவர். அவருடைய ‘இங்கிலிஷ் ஹிஸ்டாரிக் கார்ப்பென்ட்ரி’ என்ற நூல் 1980ல் வெளிவந்தது. மூட்டின் வடிவத்தை வைத்தே கட்டடத்தின் வயதைச் சொல்லலாம் என்பது அவர் கருத்து. பின்னாளில் மரத்தின் வளையங்களை எண்ணி வயதைக் கணிக்கும் முறை பரவியபோது, அவர் சொன்ன காலங்களில் சில திருத்தப்பட்டன. ஆனால் அவர் வரைந்த படங்களுக்கு இன்றும் மதிப்புக் குறையவில்லை. கண்ணால் கண்டதை உள்ளபடி வரைந்துவைத்தால், அதைப் பற்றிய நம் கருத்து தவறாகப் போனாலும் அந்தப் பதிவு பிறருக்குப் பயன்படும்.

தீ விழுங்கிய ‘காடு’

பதிவு ஏன் முக்கியம் என்பதை உலகமே உணர்ந்த நாள் 2019 ஏப்ரல் 15. அன்று மாலை பாரிஸ் நகரின் நோட்ர டாம் பேராலயத்தின் கூரை தீப்பிடித்து எரிந்தது. நூறு மீட்டருக்கும் மேல் நீளமும் 13 மீட்டர் அகலமும் 10 மீட்டர் உயரமும் கொண்ட ஓக் மரச் சட்டகம் அந்தக் கூரைக்குள் இருந்தது. அவ்வளவு மரங்கள் அதில் இருந்ததால் அதைக் ‘காடு’ என்றே அழைத்தார்கள். பெரும்பாலும் இடைக்காலத் தச்சர்கள் கட்டியது. ஒரே இரவில் அது சாம்பலாயிற்று.

ஆனால் அது அடியோடு மறைந்துவிடவில்லை. அமெரிக்காவின் வாசர் கல்லூரியைச் சேர்ந்த கலை வரலாற்றாசிரியர் ஆண்ட்ரூ டாலன், தீ விபத்துக்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே பேராலயத்தை லேசர் கருவியால் அளந்திருந்தார். ஐம்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் கருவியை நிறுத்தி, நூறு கோடிக்கும் அதிகமான புள்ளிகளைப் பதிவு செய்தார். அந்தப் புள்ளிகள் திரையில் சேர்ந்து கட்டடமாகத் தோன்றும். டாலன் 2018 நவம்பரில் காலமானார். தம்முடைய உழைப்பு எதற்கு உதவப்போகிறது என்பது அவருக்குத் தெரியாமலே போயிற்று.

மரச் சட்டகத்தை மட்டும் தனியே எடுத்துக்கொண்டு, ரெமி ஃபுரோமோன், செட்ரிக் திராந்தெசோ என்ற இரு கட்டடக் கலைஞர்கள் 2014ல் மரம் மரமாக அளந்து விரிவான வரைபடங்களைத் தயாரித்திருந்தார்கள். யாரும் அவசரமாகக் கேட்டதால் செய்த வேலை அல்ல அது. தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆர்வத்தில் செய்தது. ஐந்து ஆண்டுகளில் அதுவே கூரையை மீட்டெடுக்க வழிகாட்டும் ஆவணங்களுள் ஒன்றாயிற்று. தீயில் கருகிய மரத்துண்டுகளையும் குப்பை என்று ஒதுக்காமல் ஒவ்வொன்றாகச் சேகரித்து எண்ணிட்டு ஆராய்ந்தார்கள்.

பழையபடியே மரத்தால் கட்டுவது என்று 2020 ஜூலையில் முடிவானது. அதே மாதம் ‘எல்லைகளற்ற தச்சர்கள்’ என்ற பெயரில் கூடிய கைவினைஞர்கள், எரிந்துபோன கூரைச் சட்டங்களில் ஒன்றைக் கோடரியால் செதுக்கியே மறுபடி செய்துகாட்டினார்கள். செப்டம்பரில் பேராலயத்தின் முன் பொதுமக்கள் பார்க்க அதைக் கயிறு கட்டித் தூக்கி நிறுத்தினார்கள். இந்தக் காலத்தில் அப்படிச் செய்ய முடியுமா என்ற சந்தேகம் அதோடு தீர்ந்தது. ஏறத்தாழ 2,000 ஓக் மரங்களைக் கொண்டு மறுகட்டுமானம் நடந்தது. 2024 டிசம்பரில் பேராலயம் மீண்டும் திறக்கப்பட்டது.

கணினியில் இருந்த அளவுகள் மட்டும் அந்தக் கூரையைக் கட்டிவிடவில்லை. கோடரி பிடிக்கத் தெரிந்த கைகளும் தேவைப்பட்டன. அந்தக் கைகளுக்கும் அளவுகள் தேவைப்பட்டன. இரண்டில் எது உயர்ந்தது என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை.

திரையின் ஆபத்து

முப்பரிமாண மாதிரியில் ஒரு சிக்கலும் உண்டு. அது எல்லாவற்றையும் ஒரே உறுதியோடு காட்டும். அளந்து போட்ட மரமும் ஊகித்துப் போட்ட மரமும் ஒரே பழுப்பு நிறத்தில் இருந்தால், பார்ப்பவருக்கு வேறுபாடு தெரியாது. இதற்காகவே ‘லண்டன் சாசனம்’ என்ற நெறிமுறை வகுக்கப்பட்டது. அதன் இன்றைய வடிவம் 2009ல் வெளியானது. மரபுச் சின்னங்களைக் கணினியில் உருவாக்குபவர்கள் எது சான்று, எது ஊகம் என்பதையும் எப்படி அந்த முடிவுக்கு வந்தார்கள் என்பதையும் வெளிப்படையாகக் காட்ட வேண்டும் என்கிறது அது. என் மருமகன் கடைசியில் மூன்று நிறங்களைப் பயன்படுத்தினான். வரைபடத்தில் உள்ளதற்கு ஒன்று, வெற்றுக் குழியிலிருந்து கணித்ததற்கு ஒன்று, ஊகத்துக்கு ஒன்று. மாதிரியின் பளபளப்புக் குறைந்தது, ஆனால் நேர்மையாயிற்று.

எடை இன்னொரு சிக்கல். பச்சை ஓக் ஒரு கன மீட்டர் ஏறத்தாழ ஒரு டன் எடை இருக்கும். 30 சென்டிமீட்டர் அகலமும் அதே கனமும் 10 மீட்டர் நீளமும் கொண்ட உத்திரம் எவ்வளவு இருக்கும்? கணக்குப் போட்டுப் பாருங்கள்; கிட்டத்தட்ட 900 கிலோ. திரையில் அதை ஒரு விரலால் தூக்கிவிடலாம். ஆனால் தூக்கியவர்கள் யார், எப்படித் தூக்கினார்கள் என்று கேட்காவிட்டால் நாம் கற்றது பாதிதான்.

நமக்கு என்ன?

இங்கிலாந்தின் களஞ்சியமும் பாரிஸின் பேராலயமும் நமக்கு எதற்கு என்று சிலர் கேட்கலாம். மரத்தை மரத்தோடு ஆணியின்றிப் பிணைக்கும் கலை நம் வட்டாரத்துக்கும் சொந்தம். மலாய்க்காரர்களின் பாரம்பரிய வீடுகள் குழியும் நாக்கும் மர ஆப்பும் கொண்டு கட்டப்பட்டவை. மரம் மரமாகக் கழற்றி வேறோர் இடத்தில் மீண்டும் எழுப்பக்கூடியவை. முதலில் நடும் தூணுக்குத் ‘தியாங் ஸ்ரீ’ என்று தனிப் பெயரே உண்டு. ஜோகூரில் உள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் மாணவர்கள் பல ஆண்டுகளாக இத்தகைய வீடுகளை அளந்து வரைந்து ஆவணப்படுத்தி வந்திருக்கிறார்கள். அந்த வரைபடங்களில் உள்ள வீடுகளெல்லாம் என்றென்றும் நிற்கப்போவதில்லை.

நம் பள்ளிகளில் முப்பரிமாண வடிவமைப்பு இன்று புதிதல்ல. உயர்நிலைப் பள்ளி மாணவர்கள்கூட இலவச மென்பொருளில் மாதிரி செய்து அச்சிடுகிறார்கள். பாராட்ட வேண்டியதுதான். ஆனால் பெரும்பாலும் இல்லாத ஒன்றைப் புதிதாக உருவாக்கவே அந்தத் திறன் பயன்படுகிறது. இருப்பதைப் புரிந்துகொள்ளவும் அது பயன்படும் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். கைத்தொழில் என்றால் மதிப்பெண் குறைந்தவர்களின் வழி என்ற எண்ணமும் நம் வீடுகளில் இன்னும் போகவில்லை. நான்கு மரங்கள் சந்திக்கும் ஒரு மூலையைப் புரிந்துகொள்ளப் பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவன் ஒருவனுக்கு, கணினி உதவியோடும், மூன்று நாள் பிடித்தது. அதை மனத்துக்குள்ளேயே வரைந்து, கோடரியாலும் உளியாலும் வெட்டியவரை நாம் எப்படிக் குறைத்து மதிப்பிட முடியும்?

என் தந்தை தம் தொழிலை எனக்குக் கற்றுத்தரவில்லை. நான் படித்து அலுவலக வேலைக்குப் போக வேண்டும் என்பதே அவர் ஆசை. அவர் விட்டுச்சென்ற கருவிப்பெட்டி எங்கள் சேமிப்பறையில் இருக்கிறது. அதில் உள்ள உளிகளில் இரண்டு எதற்குப் பயன்படும் என்று எனக்குத் தெரியாது. அவர் இருந்தபோது கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் சொல்லியிருப்பார்.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த விடுமுறையில் உங்கள் வீட்டிலோ தாத்தா பாட்டி வீட்டிலோ உள்ள பழைய மரச்சாமான் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். முக்காலி போதும், மடக்கு நாற்காலி போதும். அளவெடுங்கள். ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாகக் கணினியில் செய்யுங்கள். பிறகு அதை எந்த வரிசையில் சேர்த்திருப்பார்கள் என்று கண்டுபிடியுங்கள். ஏதாவது நேராக இல்லையென்றால் உடனே திருத்தாதீர்கள். ஏன் அப்படி என்று முதலில் கேளுங்கள். மர வேலை தெரிந்த பெரியவர் யாராவது அருகில் இருந்தால் அவரையே கேளுங்கள்.

விடுமுறை முடிந்து கிளம்பும்போது என் மருமகன் அந்த இரண்டு உளிகளையும் படம் எடுத்துக்கொண்டான். “எங்க கல்லூரிப் பட்டறையில ஒரு பெரியவர் இருக்காரு மாமா. அவர்கிட்ட கேட்டுட்டு வந்து சொல்றேன்” என்றான். அவன் சொல்லப்போகும் பதிலுக்காகக் காத்திருக்கிறேன்.